கருவி ஒன்று, வரிசை இரண்டு
வாசகர் கேள்வி-பதில்: பல்கலைக்கழகக் கருவி மையத்தில் இளநிலை வகுப்பும் ஆராய்ச்சியும்

கேள்வி: எங்கள் மையத்தில் இருப்பது ஒரே ஒரு 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (வலுவான காந்தத்துக்குள் மாதிரியை வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் கருவி). மூன்றாம் ஆண்டு இளநிலை மாணவர்கள் 24 பேர். வாரம் ஒருநாள் 3 மணி நேரச் செய்முறை வகுப்புக்குக் கருவியைக் கேட்டால், ஆய்வு மாணவர்கள் 'ஒரு மதியமே போச்சு' என்கிறார்கள். வகுப்பைக் கைவிடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
— வேதியியல் உதவிப் பேராசிரியர்

பதில்: கைவிட வேண்டாம். அந்த 3 மணி நேரத்தில் காந்தம் உண்மையில் எத்தனை நிமிடம் வேலை செய்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள். ஹைட்ரஜன் அணுக்களைக் காட்டும் சாதாரண புரோட்டான் நிறமாலைக்கு 16 ஸ்கேன் (ஒரே சிக்னலைத் திரும்பத் திரும்பப் பதிவது) போதும். ஒரு ஸ்கேனுக்குப் பதிவு நேரம் 4 வினாடி, இடைவெளி 1 வினாடி என்றால் மொத்தம் 80 வினாடி. குழாயை மாற்றி, லாக் பிடித்து (காந்தப்புலம் நகராமல் நிறுத்தி), ஷிம் செய்ய (புலத்தைச் சீராக்க) இன்னும் மூன்று நான்கு நிமிடம். ஆக ஒரு மாதிரிக்கு 5 நிமிடம். இருவருக்கு ஒரு மாதிரி என்று வைத்தால் 12 மாதிரி, 60 நிமிடம். மீதி 2 மணி நேரம் எங்கே போகிறது? காந்த அறைக்குள்ளேயே நின்று மாதிரி கரைப்பதிலும், கரையாததை வடிகட்டுவதிலும், நிறமாலையைத் திரையில் வைத்துக்கொண்டு தொகையீடு (சிகரங்களின் பரப்பைக் கணக்கிடுவது) போடுவதிலும். இந்த மூன்றுக்கும் காந்தம் தேவையே இல்லை.

அதனால் மாதிரி தயாரிப்பை முந்தின வாரமே சாதாரண ஆய்வகத்தில் முடித்துவிடுங்கள். புரோட்டானுக்கு 10 மி.கி. போதும், ஆனால் அதே குழாயில் கார்பன் நிறமாலையும் எடுக்கப் போவதால் 50 மி.கி. எடுக்கச் சொல்லுங்கள். டியூட்டரேற்றிய குளோரோஃபார்ம் 0.6 மி.லி. இது 5 மி.மீ. குழாயில் 4 செ.மீ. உயரத்துக்குச் சற்று மேல் நிற்கும். அரை மி.லி.க்கும் கீழே போனால் திரவத்தின் மேல்விளிம்பு சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருளை நெருங்கும். ஷிம் எவ்வளவு செய்தாலும் சிகரத்தின் அடி அகன்றே இருக்கும். துகள் மிதந்தாலும் அதே கதிதான். பாஸ்டர் பிப்பெட்டில் சிறு பஞ்சு அடைத்து, கரைசலை அதன் வழியாகக் குழாய்க்குள் விட்டால் இந்தத் தொல்லை வராது.

வகுப்பன்று நான்கு நான்கு பேராக உள்ளே அனுப்புங்கள். ஒரு குழுவுக்கு 15 நிமிடம், இரண்டு மாதிரி. 6 குழுவும் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். வெளியே இருக்கும் 20 பேரும் சும்மா இருக்கக் கூடாது. முன்பே பதிவு செய்த மூலத் தரவைக் கணினி அறையில் கொடுத்து, 0.3 ஹெர்ட்ஸ் கோடு அகலப்படுத்தல் (இரைச்சலைக் குறைக்க), ஃபேஸ் திருத்தம் (சிகரங்களை நேராக நிமிர்த்த), அடிக்கோட்டுத் திருத்தம், தொகையீடு எல்லாவற்றையும் அங்கே பழகச் சொல்லுங்கள். உள்ளே வரும்போது என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தே வருவார்கள்.

கார்பனை வகுப்பு நேரத்தில் எடுக்கவே வேண்டாம். இங்கே ஒரு விஷயத்தை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம். ஆனால் செறிவை இரட்டித்தால் அதே தெளிவு நேரமே கூடாமல் கிடைக்கும். 25 மி.கி. மாதிரியில் 1024 ஸ்கேன் தருவதை 50 மி.கி. மாதிரி 256 ஸ்கேனில் தந்துவிடும். ஸ்கேனுக்கு 3 வினாடி என்றால் முன்னதற்கு 51 நிமிடம், பின்னதற்கு 13 நிமிடம். வகுப்புப் பொருளைத் தாராளமாகக் கொடுக்க முடியும். 2 மி.கி. இயற்கைப் பொருளைப் பிரித்தெடுத்து வைத்திருக்கும் ஆய்வு மாணவருக்கு அந்த வசதி கிடையாது. நீண்ட நேரம் அவருக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் இல்லை. 12 மாதிரிக்கும் கார்பன் எடுக்க, மாதிரி மாற்றும் நேரம் போக, இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல் ஆகும். ஆட்டோசாம்ப்ளரில் (மாதிரிகளைத் தானே மாற்றும் இணைப்பு) மாலையில் அடுக்கிவிட்டால் இரவு பத்துக்குள் முடிந்து, அதன்பின் ஆய்வு மாணவர்களின் நீண்ட ஓட்டங்கள் தொடங்கலாம். ஆட்டோசாம்ப்ளர் இல்லையென்றால் இரண்டே மாதிரிக்குக் கார்பன் எடுத்து எல்லோருக்கும் பகிருங்கள்.

ஆய்வு மாணவர்களின் உண்மையான பயம் குழாய் உள்ளே உடைவதுதான். ப்ரோப் (காந்தத்துக்குள் குழாயைச் சூழ்ந்து சிக்னலைப் பிடிக்கும் பாகம்) கெட்டால் வாரக்கணக்கில் கருவி நின்றுவிடும். ஆகவே உள்ளே போகும் ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். பெயர்ச்சீட்டைக் கொடி மாதிரி ஒட்டக் கூடாது. சுழலும்போது குழாய் தள்ளாடும், ஆட்டோசாம்ப்ளரின் பிடியிலும் சிக்கும். மூடியின் மேல் எழுதினால் போதும். ஸ்பின்னரில் (குழாயைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) செருகும் முன் ஐசோப்ரொப்பனால் தொட்ட மெல்லிய தாளால் துடையுங்கள், விரல் எண்ணெய் இருந்தால் குழாய் வழுக்கி இறங்கும். ஆழம் அளக்கும் அளவியில் வைக்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது. கழுவிய குழாய்களை ஓவனில் நிற்க வைத்துக் காயப்போடுவது இன்னொரு தவறு. வளைந்துவிடும். தட்டையாகப் படுக்க வைத்து, மிதமான சூட்டில் உலர்த்துங்கள்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறோம். 5 காஸ் கோடு (காந்தப்புலம் அந்த அளவுக்குக் குறையும் எல்லை) தரையில் வரையப்பட்டிருக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அதைத் தாண்டக் கூடாது. நான்கு மாணவருக்கு மேல் ஒரே நேரத்தில் அந்த அறையில் வேண்டாம் என்பதற்கு நேரம் மட்டுமே காரணமல்ல. காந்தம் மீகடத்தலை (மின்தடையே இல்லாத நிலை) இழந்து, அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கொதித்தெழுந்தால் ஏறக்குறைய 750 மடங்கு வாயுவாக விரியும், அறையில் ஆக்சிஜன் குறையும். எல்லோரும் உடனே வெளியேறக் கதவு வழி காலியாக இருக்க வேண்டும்.

கேள்வி: இளநிலை வகுப்பு நடந்த மறுநாள் எச்.பி.எல்.சி.யில் (கலவையைக் கரைப்பானோடு குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் கருவி) அழுத்தம் ஏறியிருக்கிறது, என் சிகரங்கள் வரும் நேரமும் மாறியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போகிறது. 'கற்றுக்கொள்கிற பிள்ளைகள், பொறுத்துக்கொள்' என்கிறார்கள். நான் கேட்பது நியாயமில்லையா?
— ஆய்வு மாணவி

பதில்: நியாயம்தான். மாணவர்கள் கற்க வேண்டும் என்பதற்காக உங்கள் தரவு பழுதாக வேண்டியதில்லை. தவறு பெரும்பாலும் பிள்ளைகளுடையது அல்ல, வகுப்பை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது.

முதலில் அழுத்தம் எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். டிடெக்டர் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிக்கொண்டே பம்ப் பக்கம் வாருங்கள். எந்த இணைப்பைக் கழற்றியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறதோ, அதற்கு அடுத்து டிடெக்டர் பக்கம் இருந்த பாகத்தில்தான் அடைப்பு. பெரும்பாலும் அது, ஆய்வகத்தில் 'காலம்' என்று அழைக்கும் பிரிப்புக் குழாயின் நுழைவாயில் சல்லடையாக இருக்கும். காரணம் இரண்டுதான்: வடிகட்டாத மாதிரி, அல்லது பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) உப்பு. பஃபர் ஓடிய குழாயில் நேரடியாக மெத்தனாலையோ அசிட்டோநைட்ரைலையோ விட்டால் உப்பு அங்கேயே படிகமாகும். இரவு முழுதும் பஃபரில் விட்டுவைத்தாலும் பம்பின் சீல்களில் உப்பு கட்டும்.

வகுப்புக்குத் தனியாக ஒரு பிரிப்புக் குழாயும், அதற்கு முன் அழுக்கைத் தடுக்கும் முன்காப்புக் குழாயும் ஒதுக்கச் சொல்லுங்கள். புதிது வாங்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியில் பிரிதிறன் குறைந்து ஒதுக்கிய சி-18 (18 கார்பன் சங்கிலி இணைத்த சிலிக்கா நிரப்பிய) குழாய் இளநிலை வகுப்புக்குத் தாராளம். மேலே 'வகுப்பு' என்று எழுதி ஒட்டிவிட்டால் கலக்காது. அடுத்து, வகுப்புப் பயிற்சியே பஃபர் இல்லாததாக இருக்கட்டும். காஃபீன் அளவிடும் பயிற்சி அதற்கு வெகு பொருத்தம். மெத்தனாலும் நீரும் கலந்த கரைப்பான், நிமிடத்துக்கு 1 மி.லி., 273 நானோமீட்டரில் அளவீடு. உப்பே வேண்டாம். எல்லா மாதிரியும் 0.45 மைக்ரோமீட்டர் சிரிஞ்சு வடிகட்டி வழியாகவே போக வேண்டும். வடிகட்டாத குப்பி ஆட்டோசாம்ப்ளர் தட்டில் ஏறக் கூடாது.

பஃபர் கட்டாயம் என்றால் கடைசி அரை மணி நேரம் கழுவுவதற்கு. 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயின் உள்கொள்ளளவு சுமார் 1.6 மி.லி. அதில் 20 மடங்கு, அதாவது 32 மி.லி., 90 பங்கு நீரும் 10 பங்கு மெத்தனாலும் கலந்து ஓட்டுங்கள். வெறும் நீர் வேண்டாம். பிறகுதான் மெத்தனாலுக்கு மாற்ற வேண்டும். இந்த அரை மணி நேரம் வகுப்பு நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். வகுப்பு முடிந்தபின் யாரோ செய்வார்கள் என்று விட்டால் யாரும் செய்வதில்லை.

சிகரங்களின் நேரம் மாறுவதற்குக் காரணம் வேறு. கரைப்பானை மாற்றிய உடனே குழாய் சமநிலைக்கு வராது. உங்கள் கரைப்பானில் குறைந்தது 10 உள்கொள்ளளவு ஓட விடுங்கள். குழாயின் வெப்பநிலை பழையதுதானா என்றும் பாருங்கள். வகுப்பில் குழாயைச் சூடாக வைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்படைப்புச் சோதனை வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக் குழாயை மாட்டி, தெரிந்த சோதனைக் கலவையை மூன்று முறை செலுத்தி, நேரமும் பரப்பும் வழக்கமான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவது. நேரத்தில் 1 சதவீதம், பரப்பில் 2 சதவீதம் வரை விலகலை ஏற்கலாம். மறுநாள் வருகிற உங்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கும். பழி போடவும் இடமில்லை, பழி ஏற்கவும் இடமில்லை.

கேள்வி: அதே காஃபீன் பயிற்சியைத்தான் நடத்துகிறேன். 6 குழுவும் தனித்தனியே செறிவு தெரிந்த ஐந்து திட்டக் கரைசல்களைச் செலுத்தினால் நாள் முழுக்க ஆகிறது. எப்படிக் குறைக்கலாம்?
— செய்முறை வகுப்பு ஆசிரியர்

பதில்: ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு திட்டக் கரைசல் மட்டும் தயாரிக்கட்டும். 10, 20, 40, 60, 80, 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) என ஆறு குழுவுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை செலுத்துங்கள். ஓட்டம் 5 நிமிடம் என்றால் 60 நிமிடத்தில் வகுப்புக்கே ஒரு பொது அளவீட்டுக் கோடு கிடைக்கும். தெரியாத மாதிரியை அதன்பின் ஒருமுறை செலுத்தலாம்.

நேரம் மிச்சம் என்பதைவிட இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. கோட்டைத் திரையில் போட்டதும் 40 பி.பி.எம். புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு உடனே 'மிஷின் சரியில்லை சார்' என்பார்கள். அவர்களுடைய இரண்டு செலுத்தலையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும். அப்படியானால் கருவி மீது குற்றமில்லை, குடுவையில்தான் குற்றம். பிப்பெட்டில் குமிழி இருந்ததா, அளவுக்கோட்டைத் தாண்டி நீர் ஊற்றினார்களா என்று அவர்களே பின்னோக்கிப் போய்த் தேடுவார்கள். கருவியின் பிழையையும் கையின் பிழையையும் பிரித்தறிய இதைவிட நல்ல பாடம் இல்லை. தனித்தனிக் கோடு போட்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

60 பி.பி.எம். கரைசலின் நேரத்தையும் பரப்பையும் வாராவாரம் ஒரே வரைபடத்தில் குறித்து வாருங்கள். விளக்கு மங்குவதும் குழாய் தேய்வதும் அதில் முன்கூட்டியே தெரியும். ஆய்வு மாணவர்களுக்கும் அது உதவும்.

கேள்வி: எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியை மாதிரி உறிஞ்சுவதை அளப்பது), யு.வி. (புற ஊதா ஒளியை உறிஞ்சுவதை அளப்பது) கருவிகளை இளநிலை மாணவர்களிடமே விட்டுவிடலாமா?
— கல்லூரி ஆசிரியர்

பதில்: தாராளமாக விடலாம். இவை பழக்குவதற்கென்றே பிறந்த கருவிகள். எஃப்.டி.ஐ.ஆரில் பார்க்க வேண்டியது மாதிரி வைக்கும் படிகம் வைரமா, துத்தநாக செலினைடா என்பதை மட்டும். வைரம் தாங்கும். துத்தநாக செலினைடு கீறும், அமிலம் பட்டால் கெடும். யு.வி.யில் உறிஞ்சுமை 0.1 முதல் 1 வரை இருக்கும்படி நீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குவெட்டில் (மாதிரி ஊற்றும் சிறு கலம்) அசிட்டோனை ஊற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்.இ.எம். (எலக்ட்ரான் கற்றையால் உருப்பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கி) கருவியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கத்தான் விடுகிறார்கள். தொட ஆசைப்படுவது அதிகமா?
— இளநிலை இயற்பியல் மாணவர்

பதில்: அதிகமே இல்லை, தம்பி. ஆனால் எதைத் தொட்டால் என்ன கெடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோகஸ், உருப்பெருக்கம், வெளிச்சம், அஸ்டிக்மாடிசம் (படம் ஒரு திசையில் இழுபடும் குறை) திருத்தும் குமிழ்கள் ஆகியவற்றை நீங்கள் எப்படித் திருப்பினாலும் படம்தான் கெடும், கருவி கெடாது. மாறாக, மேடையை மேலே ஏற்றுவதும் சாய்ப்பதும் ஆபத்து. மாதிரி லென்ஸின் அடிமுனையிலோ டிடெக்டரிலோ போய் இடிக்கும். வெற்றிடத்தைத் திறப்பதும் எலக்ட்ரான்களை உமிழும் இழையை ஏற்றுவதும் ஆபரேட்டர் வேலை. டங்ஸ்டன் இழையின் ஆயுளே பொதுவாக 100 மணி நேரத்துக்குள்தான், தவறாக ஏற்றினால் அதற்கும் முன்பே போகும்.

உங்கள் ஆசிரியரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஆபரேட்டர் மாதிரியை ஏற்றி, 10 மி.மீ. வேலைத்தூரத்தில் (லென்ஸிலிருந்து மாதிரி வரை உள்ள இடைவெளி) நிறுத்தி, மேடையைப் பூட்டிக் கொடுக்கட்டும். அதன்பின் ஒருவருக்கு 10 நிமிடம். ஈரமில்லாத, தூள் உதிராத மாதிரியைக் கார்பன் டேப்பில் ஒட்டி, மின்கடத்தாப் பொருளானால் 5 முதல் 10 நானோமீட்டர் தங்கம் பூசி நீங்களே கொண்டுவாருங்கள். பூசாத மாதிரி ஒன்றையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மின்னூட்டம் தேங்கி, படம் வெளுத்து நகர்வதைப் பார்த்தால் தங்கம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இறுதியாண்டுத் திட்ட மாணவர் ஒருவர் நல்ல திறமைசாலி. ஜி.சி.-எம்.எஸ்.ஸில் (சேர்மங்களை வாயுவாக்கிப் பிரித்து, நிறையால் அடையாளம் காணும் கருவி) இரவில் தனியாக வேலை செய்ய அனுமதி கேட்கிறார். கொடுக்கலாமா?
— திட்ட வழிகாட்டி

பதில்: திறமை இருந்தாலும் இரவில் தனியாக வேண்டாம். கருவியைவிட ஆள் முக்கியம். வாயு சிலிண்டரும் கரைப்பானும் இருக்கும் அறையில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். ஆட்டோசாம்ப்ளரில் மாலையில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகட்டும், கருவி இரவில் ஓடட்டும்.

பகல் அனுமதியைப் படிப்படியாகக் கொடுங்கள். மூன்று முறை பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்லச் செய்வது. நான்காவது முறை நீங்கள் பேசாமல் பார்ப்பது. அதன்பின் தனியாக, ஆனால் பூட்டிய மெத்தடில் (முன்பே சேமித்த ஓட்ட அமைப்புகள்) மட்டும். மெத்தடில் கை வைக்கும் உரிமை தராததற்குக் காரணம் கரைப்பான் தாமத நேரம், அதாவது கரைப்பான் கடந்துபோகும் வரை கருவியின் இழையை அணைத்துவைக்கும் நேரம். அதைக் குறைத்துவிட்டால் கரைப்பான் முழுவதும் வரும்போது இழை எரிந்துகொண்டிருக்கும், ஆயுள் போய்விடும். மாதிரியின் செறிவையும் கேளுங்கள். 100 பி.பி.எம். போதுமான இடத்தில் 1 சதவீதக் கரைசலைச் செலுத்தினால் சிகரம் தட்டையாகும், அடுத்த பத்து ஓட்டத்திலும் அதன் மிச்சம் தலைகாட்டும். அந்தப் பத்தும் பெரும்பாலும் வேறொருவருடையவை.

தேர்வாக ஒரு கேள்வி வையுங்கள்: காலையில் பின்னணியில் 28 நிறை (நைட்ரஜன்) 18-ஐவிட (நீர்) உயரமாக இருக்கிறது, என்ன செய்வாய்? காற்று கசிகிறது, ஓட்டத்தைத் தொடங்காமல் ஆளைக் கூப்பிடுவேன் என்று சொன்னால் தேறிவிட்டார். தானே நட்டை இறுக்குவேன் என்றால் இன்னும் ஒருமுறை பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: ஏழு கருவிக்கு நான் ஒருவன். வகுப்பு, ஆய்வு மாதிரி, பராமரிப்பு மூன்றும் என் தலையில். எதை விடுவது என்றே தெரியவில்லை.
— தொழில்நுட்ப அலுவலர்

பதில்: நீங்கள் விடுவது எப்போதும் பராமரிப்பைத்தான். அது மட்டும்தான் புகார் சொல்லாது. அதனால் வாரத்தில் ஓர் அரை நாளை யாருக்கும் தராமல் பூட்டுங்கள். என்.எம்.ஆர். காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் நிரப்புவது, செப்டம் (ஊசி நுழையும் ரப்பர் அடைப்பு) மாற்றுவது, திட்ட மாதிரி ஓட்டுவது எல்லாம் அன்றைக்கே. நைட்ரஜன் நிரப்பும்போது காந்தம் அதிரும் என்பதால் நீண்ட என்.எம்.ஆர். ஓட்டங்களை அன்று தவிர்க்கவும்.

வகுப்பு நேரங்களைப் பருவம் தொடங்கும் முன்பே முன்பதிவில் போட்டுவிடச் சொல்லுங்கள். பின்னர் வந்து 'நாளைக்கு ஒரு கிளாஸ்' என்றால் இல்லை என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு மாணவர்களுக்குப் பகலில் 15 நிமிட ஸ்லாட், நீண்டதெல்லாம் இரவு. பதிவு செய்து 10 நிமிடம் வராவிட்டால் ஸ்லாட் அடுத்தவருக்கு. வகுப்பில் நான்கு மாணவருக்கு ஓர் ஆய்வு மாணவர் துணை நிற்கட்டும். அவருக்குப் பயிற்சி கொடுப்பது ஒருமுறை வேலை. வகுப்பு முழுக்க நீங்கள் நிற்பது வாராவார வேலை.

கேள்வி: வகுப்புக்கான செலவை யார் ஏற்பது? மாணவர்களிடம் மாதிரிக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?
— துறைத் தலைவர்

பதில்: மாதிரிக்குக் கட்டணம் வேண்டாம். கட்டணம் வைத்த அன்றே தப்பாக வந்த நிறமாலையை மறுபடி எடுக்க மாணவர் தயங்குவார். இளநிலையில் கற்பதே இரண்டாவது முயற்சியில்தான்.

பதிவேட்டில் ஒவ்வொரு மணி நேரத்தையும் வகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு என்று மூன்றில் ஒன்றாக எழுதி வாருங்கள். உதாரணமாக ஆண்டில் ஆராய்ச்சி 1,200 மணி, வகுப்பு 200 மணி என்று வந்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏழில் ஒரு பங்கு கற்பித்தல் நிதியிலிருந்து வரட்டும். குழாய், வடிகட்டி, குப்பி, டியூட்டரேற்றிய கரைப்பான் போன்றவை வகுப்புக்கென்று தனி அலமாரியில், தனிக் கணக்கில் இருக்கட்டும். ஆய்வு மாணவரின் திட்ட நிதியில் வாங்கிய கரைப்பான் புட்டியை வகுப்பு காலி செய்வதுதான் பல மையங்களில் முதல் சண்டை. எண் கையில் இருந்தால், புதிய கருவி கேட்டு எழுதும்போதும் எந்தக் கருவியில் எந்த மணி நேரம் நெரிசல் என்று வரி வரியாகக் காட்டலாம். பெரிய காந்தம் கேட்பதற்குப் பதில், திரவ ஹீலியம் தேவைப்படாத மேசைமேல் என்.எம்.ஆர். ஒன்று வகுப்புக்குப் போதும் என்று அந்தக் கணக்கே காட்டக்கூடும். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சிகரங்கள் வரும் என்பது உண்மை. எத்தனால், எத்தில் அசிட்டேட் போன்ற எளிய சேர்மங்களுக்கு அது தடையில்லை.